மிதிப்பெட்டி

அத்தியாயம் 5

"இது குண்டு இல்லை" என்றார் குலசிங்கம்.

"அப்ப என்ன அண்ணை?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை, தங்கச்சி."

புஸ்பராணி மேசைமேல் கிடந்த பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அப்துல் மஜீத் தன் கதிரையைச் சுவர்ப்பக்கம் இழுத்தான்.

"பயமோ மஜீத்?"

"பயமில்ல அக்கா. வாற மாசம் கலியாணம். பொண்ணு வீட்டார் முழு மாப்பிள்ள ஒண்டுதான் கேட்டிருக்காங்க."

குலசிங்கம் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு எங்கே இருந்திருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது.

1986 ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. உள்துறைமுக வீதியில் புஸ்பராணியின் வீட்டு முன்னறைதான் அவளுடைய அலுவலகம். யன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள், யாரோ காணும் கனவுக்குள் நிற்பவைபோல அசையாமல் நின்றன. வீதியில் இரண்டு மான்கள் குப்பைத் தொட்டியை முகர்ந்துகொண்டிருந்தன. கப்பல்களுக்கும் மான்களுக்கும் நடுவே ஒரு கவச வாகனம் போனது.

புஸ்பராணி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். குரலை வைத்தே ஆளையும், ஆளின் பொய்யையும் கண்டுபிடித்துவிடுவாள். அந்த வேலை போன பிறகு, காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் அவளுடைய கேற்றைத் தட்டத் தொடங்கினார்கள். மஜீத் கிண்ணியாக்காரன். பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறான். அவளுக்குச் சாரதி, உதவியாள். மூடத் தெரியாத வாயும் அவனுடையதுதான்.

"முதலில இருந்து சொல்லுங்கோ அண்ணை."

குலசிங்கம் சொன்னார். அவருடைய ஒரே மகன் தவராசாவுக்கு, முஹம்மது தம்பி என்பவரின் றேடியோத் திருத்தும் கடையில் வேலை. நேற்றுப் பகல் அன்புவழிபுரத்துச் சந்தி இராணுவக் காவலரணில் அவனுடைய பையைச் சோதித்தார்கள். உள்ளே ஒரு பலகைப் பெட்டி. பெட்டியிலிருந்து நீளமான இரண்டு வயர்கள். வயர்களின் முனையில் அமத்துகிற சுவிச்சுகள்.

"தூர இருந்து அமத்தி வெடிக்க வைக்கிற சாமான் எண்டு பிடிச்சிட்டினம். நாளைக்குக் காலமை லொறியில தெற்கு முகாமுக்கு ஏத்தப்போகினமாம். அங்க போனால்..." அவர் நிறுத்தினார். அங்கே போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி என்ன சொல்லுறார்?"

"கொம்பியூட்டருக்குச் செய்த பெட்டி எண்டு மட்டும் சொன்னவனாம். ஆருடைய கொம்பியூட்டர், எங்க இருக்கு எண்டு கேட்டால் வாயே திறக்கிறானில்லை. எங்கட வீட்டில ரீவி கூட இல்லைத் தங்கச்சி. கொம்பியூட்டருக்கு நாங்கள் எங்க போறது?"

பொட்டலத்துக்குள் இருந்தது தவராசா அதற்கு முதல் செய்து பார்த்துச் சரிவராமல் கட்டிலுக்குக் கீழே போட்டிருந்த பெட்டி. "மனிசி இதையும் கிணத்துக்குள்ள போடச் சொன்னவ. நான்தான் களவாய்க் கொண்டந்தனான்."

பெட்டியோடு, லண்டனில் அச்சான பழைய சஞ்சிகை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். மகன் எந்நேரமும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பானாம்.

புஸ்பராணி பெட்டியைக் கையிலெடுத்தாள். ஒரு முனையில் சீப்புப்போல இரண்டு வரிசைப் பித்தளைப் பற்கள். ஒரு பல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது.

"ஏதோ ஒண்டிர முதுகில கொளுவுற சாமான்" என்றான் மஜீத். ஆர்வம் பயத்தை வென்றதில் அவனுடைய கதிரை மேசைக்குத் திரும்பி வந்திருந்தது.

சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் அந்த ஏதோ ஒன்று இருந்தது. எழுதும் கொப்பி அளவில் கறுப்பாக ஒரு சின்னக் கொம்பியூட்டர். எழுத்துக் கட்டைகள் இறப்பரில். வீட்டுத் தொலைக்காட்சியில் கொளுவிப் பாவிப்பது. அதன் முதுகில் ஒரு பிளவு. அந்தப் பிளவில் மாட்டக்கூடிய பெட்டிகளின் படங்கள் கீழே வரிசையாக இருந்தன: ஞாபகத்தைப் பெருக்கும் பெட்டி, இசை எழுப்பும் பெட்டி, விளையாட்டுக்கான பிடி. எல்லாம் ஆர்வக்காரர்கள் தங்கள் வீட்டு மேசையில் செய்து பார்க்கும் வேலைகள். பிளவின் படத்தில் ஓரிடத்தில் சிறு வெட்டு. பிளாஸ்டிக் துண்டும் வெட்டும் ஒரே இடத்தில் இருந்தன.

"பெட்டி உண்மையைத்தான் சொல்லுது அண்ணை. இந்த மெஷினைத் தவிர வேறெதிலயும் இது மாட்டாது. மெஷினைக் கண்டுபிடிச்சு, ஆமிக் கப்டனுக்கு முன்னால மாட்டிக் காட்டினால் தம்பி வெளியில வந்திடுவார்."

குலசிங்கத்தின் கண்கள் நிறைந்தன. "ஆரிட்ட இருக்கு?"

"அதையும் பெட்டியிட்டத்தான் கேக்கோணும்."

அவள் வயர்களை விரித்தாள். மேசையிலிருந்து நிலம்வரை இறங்கும் நீளம். முனையிலிருந்தவை வீட்டு மணிக்குப் பூட்டும் சாதாரண சுவிச்சுகள். அவற்றின்மேல் இறப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி ஒட்டியிருந்தது. இரண்டும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இது மிதி. ஒரு காலால மிதிக்கிறது" என்றாள்.

"தையல் மெஷினுக்கு மிதி இருக்கு. பியானோவுக்கும் இருக்கெண்டு சொல்றாங்க. கொம்பியூட்டருக்கு எதுக்கு அக்கா? சும்மா இருக்கிற காலுக்குச் சம்பளம் குடுக்கவா?"

"தட்டச்சு மெஷினில பெரிய எழுத்து எப்பிடி அடிக்கிறது மஜீத்?"

"ஒரு கையால ஒரு கட்டைய அமத்திப் பிடிச்சுக்கிட்டு மத்தக் கையால எழுத்த அடிக்கணும்."

"இந்த மெஷினிலயும் அப்பிடி அமத்திப் பிடிக்கிற கட்டை ரெண்டு இருக்கு. படத்தில பாரும். தம்பி அந்த ரெண்டையும்தான் காலுக்கு இறக்கியிருக்கிறார்."

"ஏன்? மத்தக் கை எங்க போனது?"

கேட்ட பிறகுதான் மஜீத்துக்கே தன் கேள்வி விளங்கியது.

"ஒரு கை இல்லாத ஆளுக்குச் செஞ்சது" என்றான் மெல்ல.

புஸ்பராணி தகப்பன் பக்கம் திரும்பினாள். "நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையளில தம்பி எங்க போறவர்?"

"முஹம்மது தம்பி வெள்ளி பகலோட கடை பூட்டிப்போடுவார். அதுக்குப் பிறகு இறக்கக்கண்டிக்குப் போறவன். அங்க மீன்பிடிக்கிற சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு சொல்லுவான். ஒரு வருசமாய் ஒவ்வொரு வெள்ளியும்."

"வரேக்க என்ன கொண்டுவருவார்?"

"தயிர்" என்றார் குலசிங்கம். "ஒரு முட்டி எருமைத் தயிர். தாய்க்கு விருப்பம்."

மஜீத் மேசையில் தட்டினான். "மீன் பிடிக்கிற ஊருக்குப் போற மனிசன், ஒரு வருசமா ஒரு சூடை மீன்கூடக் கொண்டு வரல்ல. கொண்டு வந்தது எருமைத் தயிரு! ஐயா, அது எங்கட கிண்ணியாத் தயிரு. ஒங்கட மகன் வடக்க போறன் எண்டு செல்லிட்டுத் தெக்க போயிருக்காரு."

"வெள்ளிக்கிழமை பகல்" என்றாள் புஸ்பராணி.

"ஓம்." மஜீத்தின் குரல் இறங்கியது. "வெள்ளி பகல் எங்கட ஊருல ஆம்பிளையள் எல்லாம் தொழுகைக்குப் பள்ளியில. வீடுகள்ள பொம்புளையள் மட்டுந்தான்."

ஒரு சைவப் பெடியன் எதற்காக வாய் திறக்காமல் அடிவாங்குகிறான் என்பது அந்த அறைக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆர் எண்டு உமக்குத் தெரியும் என்ன?" என்றாள் புஸ்பராணி.

"குறிஞ்சாக்கேணி" என்றான் மஜீத். "ஆமினா உம்மாட மகள். போன வருசம் சந்தையில குண்டு வெடிச்சதுல வலது கை மணிக்கட்டோட போயிட்டு."

*

கிண்ணியாத் துறையில் பாதை அக்கரையில் நின்றது. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் அந்தத் தட்டை மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். அது திரும்பி வரும்வரை மொறிஸ் மைனருக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்டு கேக்கவா? மெஷின் கிடைச்சா அந்தப் பிள்ளைட பேரு வெளியில வருமா?"

"வராது. மெஷின் போதும். மெஷினுக்கு வாயில்லை."

"வாப்பாக்காரன் வயலுக்குள்ள நிக்கிறாரு. அறுவடை முடிஞ்சுதான் வருவாரு. அது எங்கட அதிஷ்டம். அவரு கோவக்காரன். ஒருக்கா என்ர ஹோர்ன் சத்தம் பிடிக்கல்ல எண்டு காருக்கு அடிச்சவரு. எனக்கில்ல, காருக்கு."

"கார் என்ன செய்தது?"

"அதுக்குப் பிறகு ஹோர்ன் அடிக்கிறல்ல. மானஸ்தன்."

புஸ்பராணி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

குறிஞ்சாக்கேணியில் அந்த வீடு களப்பைப் பார்த்தபடி இருந்தது. கதவைத் திறந்த ஆமினா உம்மா மஜீத்தைக் கண்டு சிரித்தா. பின்னால் நின்ற பொட்டு வைத்த பெண்ணைக் கண்டதும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றா.

"வாங்க தங்கச்சி. உள்ளுக்கு வாங்க."

முன்னறையில் ஒரு ரீவி இருந்தது. அதன் முன்னால் ஒரு மேசை. மேசையில் தூசி இல்லாத ஒரு நீள்சதுரம்.

புஸ்பராணி அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். கொப்பி அளவுதான்.

"மகள் எங்க?"

மகள் பரீதா அறை வாசலில் நின்றாள். முக்காட்டின் நுனியை இடது கையால் பிடித்திருந்தாள். வலது கையை முக்காட்டுக்குள் வைத்திருந்தாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். அழுது முடித்தவளின் முகம். இனி அழ ஒன்றும் மிச்சமில்லை என்கிற மாதிரியான தெளிவு அதில் இருந்தது.

"அவர் என்ர பேரச் செல்லிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஒரு சொல்லும் சொல்லேல்லை."

அவள் கண்களை மூடித் திறந்தாள்.

"மெஷின் எங்க?"

"களப்புக்குள்ள."

மஜீத் "யா அல்லாஹ்" என்றான்.

"நேத்து அசர்த் தொழுகைக்குப் பிறகு, பாதையில வந்த ஆக்கள் கதைச்சாங்க. றேடியோக் கடைப் பொடியன வயரோட பிடிச்சிட்டாங்களாம் எண்டு. எனக்கு உடனே வெளங்கிட்டு. மெஷின்ட முதுகு முழுக்க அவர் செஞ்ச பெட்டிதான். ஆமி இங்க வந்து அதக் கண்டா, இன்னும் எத்தின பெட்டி செஞ்ச நீ எண்டு கேட்டு அவர அடிப்பாங்கதானே? எல்லாத்தையும் தலகாணி உறையில போட்டு, கல்லு வெச்சுக் கட்டி, துறையடியில போட்டுட்டன். ஒத்தக் கையால முடிச்சுப் போடத்தான் நேரமாச்சு."

அவள் பெருமையோடு சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்காக ஒரு காரியம் செய்து முடித்தவளின் நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. எத்தனையோ பொய்யான குரல்களைக் கேட்டவள் புஸ்பராணி. இந்தக் குரலில் ஒரு கீறல் பொய்கூட இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. இந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். சுற்றிவளைப்பு என்றால் புத்தகத்தை எரிப்பார்கள், றேடியோவைப் புதைப்பார்கள், படங்களைக் கிழிப்பார்கள். பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய அத்தாட்சி எது, கொல்லக்கூடிய அத்தாட்சி எது என்று பிரித்துப்பார்க்க யாருக்கும் நேரமிருப்பதில்லை.

"பிள்ளை, அந்த மெஷின்தான் அவரை வெளியில எடுக்கிற ஒரே சாட்சி."

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமலும் முடியாது. பரீதா வந்து, மேசையிலிருந்த வெறும் நீள்சதுரத்தில் இடது கையை வைத்தாள்.

ஆமினா உம்மா தண்ணீர் கொண்டுவந்தா. மகள் குடிக்கவில்லை. தானாகவே பேசினாள். "மெஷின் எனக்கு மூத்த எங்கட நானா கப்பல்ல இருந்து வாங்கிக் கொண்டந்த. மொதல் சும்மா விளையாட்டுக்குத்தான். ஒரு நாள் வேல செய்யல்ல. அவர்தான் திருத்த வந்தார். திருத்திப் போட்டு, இதுக்கு ஞாபகம் காணாது, பெருக்க நான் ஒண்டு செஞ்சு தாறன் எண்டார். அடுத்த வெள்ளி அதக் கொண்டந்தார். பிறகு, இதிர சத்தம் நுளம்பு கத்துற மாதிரி இரிக்கி எண்டு சத்தத்துக்கு ஒரு பெட்டி. நான் தமிழ் எழுத்துச் செஞ்சிக்கிட்டு இருந்தன். எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம், அதுக்குள்ள ஒவ்வொரு எழுத்தா. எழுத்த ஏத்துறதுக்கு ரெண்டு கட்டைய ஒண்டா அமத்தணும். நான் குனிஞ்சு நாடியால அமத்துவன். அவர் ஒருக்கா அதக் கண்டுட்டார். ஒண்டும் செல்லல்ல. அடுத்த முற என்ர காலடியில நிலத்த அளந்துக்கிட்டுப் போனார்."

"வேற ஒண்டும் கதைக்கல்லையா?" என்று மஜீத் கேட்டான். அவனுடைய குரலில் பகிடி இல்லை.

"நான் இந்தக் கதிரையிலதான் இரிப்பன்" என்றா ஆமினா உம்மா. "ரெண்டு பேரும் அந்த மெஷினப் பத்தித் தவிர ஒரு வார்த்தை கதைச்சதில்ல. ஆனா நான் குருடியில்ல தங்கச்சி."

புஸ்பராணி எழுந்தாள். "மஜீத், உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"கிண்ணியாவுல பொறந்த கோழிக்கும் நீந்தத் தெரியும்."

*

துறையடியில் களப்பு ஆழமில்லை. சேறுதான் ஆழம். மஜீத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூழ்கி, துப்பி, மறுபடி மூழ்கினான். கரையிலிருந்து ஆமினா உம்மா, மகள் சொன்ன இடத்தைக் காட்டினா. வெயில் சாயத் தொடங்கியபோது கறுத்துப்போன தலையணை உறையொன்றோடு எழுந்தான்.

புஸ்பராணி அவிழ்த்தாள். இறப்பர்க் கட்டைகளுக்கு நடுவே சேறு. முதுகுப் பிளவிலிருந்து கட்டைவிரல் நகமளவு நண்டொன்று இறங்கி ஓடியது.

"செத்துட்டு அக்கா. இதுக்கு இனி உயிர் வராது."

"உயிர் தேவையில்லை. பொருந்தினால் போதும்."

மற்றப் பெட்டிகளைக் கழற்றி ஆமினா உம்மாவிடமே கொடுத்தாள். மெஷினை மட்டும் துடைத்தாள். பரீதா கரைக்கு வந்திருந்தாள்.

"நானும் வாறன். நாந்தான் பாவிச்ச எண்டு செல்றன். கையக் காட்டினா நம்புவாங்கதானே?"

"வேண்டாம் பிள்ளை. வீச்சுவலையில பட்டதெண்டு சொல்லப்போறம். ஒருத்தரிட பேரும் வராது."

அந்த வாக்கைக் கொடுத்தபோது அவள் முழுதாக நம்பித்தான் கொடுத்தாள்.

*

ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. முகாம் வாசலில் குலசிங்கம் சைக்கிளோடு நின்றார். கையில் ஒரு கடதாசிப் பை. அதற்குள் மடித்த சேர்ட்டு. மகன் போட்டுப்போன சேர்ட்டு அழுக்காயிருக்கும் என்று தாய் கொடுத்தனுப்பியது.

"கிடைச்சுதோ தங்கச்சி?"

"கிடைச்சுது அண்ணை. பெட்டி இதில பொருந்தினால் விடுவினம்."

உள்ளே கப்டன் இளம் வயதுக்காரர். மூக்குக்கண்ணாடி. மேசையில் எல்லாம் நேராக அடுக்கியிருந்தது. அந்த முகாமில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. இணைப்பகத்தில் பழகிய சிங்களம் புஸ்பராணிக்குக் கைகொடுத்தது. கிண்ணியாவில் மஜீத்தின் மச்சானுடைய வலையில் இது பட்டது என்றாள். பையன் சொன்ன கொம்பியூட்டர் இதுதான் என்றாள். பொருத்திப் பார்க்கும்படி கேட்டாள்.

கப்டன் மெஷினைக் கையிலெடுத்ததும் அவருடைய முகம் மாறியது. ஒரு கணம் அவர் சீருடைக்குள் இருக்கும் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன்.

"இது என் சிநேகிதனிடம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்காமல் இரவிரவாக இதில் பந்து விளையாடியிருக்கிறோம்" என்றார்.

தவராசாவைக் கூட்டிவரச் சொன்னார். அவன் வந்தான். உதடு வீங்கியிருந்தது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தான். மேசையிலிருந்த மெஷினைக் கண்டான். கட்டைகளுக்கு நடுவே காய்ந்திருந்த சேற்றைக் கண்டான். புஸ்பராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேறு எப்படி வந்தது, யார் போட்டது, எதற்காகப் போட்டது என்பதெல்லாம் அவனுக்கு அதே கணத்தில் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் இல்லை.

கப்டன் தவராசாவின் பையில் பிடித்த பெட்டியை எடுத்து, பிளவில் வைத்து, மெல்ல அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது.

"பொருந்துகிறது" என்றார். "சரி. இது வெடிக்கிற சாமான் இல்லை."

மஜீத் மூச்சை விட்டான். அது மேசைவரை கேட்டது.

கப்டன் வயரை விரலால் பின்தொடர்ந்து மிதிப்பலகைவரை போனார். செருப்பு இறப்பரைத் தடவினார். நிலத்தில் வைத்துத் தன் சப்பாத்துக் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"அமத்திப் பிடிக்கிற கட்டைகள். நல்ல மூளை" என்றார். பிறகு, "ஆனால் ஏன் காலால்?"

"வேகமாய் அடிக்கிறதுக்கு" என்றாள் புஸ்பராணி.

"நான் இதில் ஒரு வருடம் அடித்திருக்கிறேன் அம்மா. இரண்டு கை இருக்கிறவனுக்கு இது இடைஞ்சல்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். பள்ளிக்கூடப் பையன் போய்விட்டான். "இதைப் பாவிக்கிறவருக்கு ஒரு கை இல்லை."

அவள் காலையில் தன் மேசையில் நடந்த அதே வழியால் அவரும் நடந்து வந்திருந்தார். கெட்டிக்காரத்தனம் தன் ஒருத்திக்கு மட்டும் சொந்தம் என்று அவள் எப்படி நினைத்தாள்?

"மின்சாரப் பெட்டிகளோடு பழகுகிற, ஒரு கை போன ஒருவர்" என்றார் கப்டன். "கை எப்படிப் போனது என்று எங்களுக்குத் தெரியும். செய்யும்போது கைக்குள் வெடித்தால் அப்படித்தான் போகும். போன மாதமும் ஒருவனைப் பிடித்தோம். வலை போட்டது கிண்ணியாவில்தானே? அங்கே கை இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? விடியச் சுற்றிவளைத்தால் தெரிந்துவிடும். அந்த ஆள் வரட்டும். இவன் போகலாம்."

புஸ்பராணி மேசையை நோக்கி ஓரடி வைத்தாள். "சந்தையில வெடிச்சதில ஆருக்கும் கை போயிருக்கலாம்தானே?" என்றாள்.

"யாருக்குப் போனது?" என்று கேட்டார் கப்டன், மிக மெதுவாக.

பதில் சொன்னால் அது பரீதாவின் பெயராகத்தான் இருக்கும்.

தவராசாவுக்குச் சிங்களம் சரியாக வராது. ஆனால் கடையில் வேலை செய்கிறவனுக்குக் கை என்ற சொல்லும் கிண்ணியா என்ற பெயரும் போதும்.

"அக்கா" என்றான். "ஐயாவுக்குச் சொல்லுங்கோ. கொம்பியூட்டர் என்ர. களப்புக்குள்ள போட்டதும் நான்தான். பெட்டி அவை சொன்ன சாமான்தான். கொம்பியூட்டரில மாட்டி ஒளிச்சு வைக்கச் செய்தனான். மிதிச்சா வெடிக்கிறதுக்குத்தான் காலுக்கு வைச்சனான். இதுக்குள்ள வேற ஒருத்தரும் இல்லை."

"தம்பி, என்ன கதைக்கிறீர்?"

"அப்பிடியே சொல்லுங்கோ அக்கா."

"என்ன சொல்கிறான்?" என்றார் கப்டன்.

அறையில் மின்விசிறி சுற்றியது. மஜீத் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேறு எதையாவது சொல்லலாம். 'தெரியாது என்கிறான்' என்று சொல்லலாம். அவன் வீட்டுக்குப் போவான். விடிய லொறிகள் பாதையில் ஏறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போகும். களப்பைப் பார்த்த வீட்டில் ஒரு பெண் இடது கையால் கதவைத் திறப்பாள். வலது கையைத் தானாகவே முக்காட்டுக்கு வெளியே எடுத்துக் காட்டுவாள், நம்புவார்கள் என்று நினைத்து.

தவராசா அவளைப் பார்த்தான். கெஞ்சவில்லை. ஒரு வேலையை முடித்துத் தரும்படி கேட்கிறவனுடைய பார்வை அது. இந்தப் பெட்டியின் கடைசி வயரைத் தொடுப்பதற்கு அவனுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது.

புஸ்பராணி சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

கப்டன் கழற்றிய கண்ணாடியை மறுபடி போட்டார். அவர் அதை நம்பினாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "நீங்கள் இருவரும் போகலாம். இயந்திரமும் இவனும் இங்கே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்து வாசல்வரை நடந்தார்கள். மஜீத் காரை நோக்கி முன்னால் போய்விட்டான்.

குலசிங்கம் ஓடிவந்தார்.

"பொருந்திச்சுதோ தங்கச்சி?"

அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது.

"ஓம் அண்ணை. பொருந்திச்சுது."

மிச்சத்தைச் சொல்ல அவள் மூச்செடுப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார். சைக்கிளைக் காவலரணின் வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். தோளிலிருந்த துவாயை எடுத்து, மகன் வந்து ஏறுவதற்காகப் பின் கரியரைத் துடைக்கத் தொடங்கினார்.